கண்ணாடிக்குப் போன காற்று

பொத்தானை அழுத்தினேன். வண்டியின் நான்கு சக்கர இழுவைக்கான விளக்கு சிமிட்ட ஆரம்பித்தது. பத்து நொடி, இருபது நொடி, ஒரு நிமிஷம் ஆயிற்று. சிமிட்டல் நிற்கவில்லை. வீட்டு வாசலில் முக்கால் அடிப் பனி. பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுற்றிக் குழி பறித்தன. முன்சக்கரங்கள் தேமே என்று இருந்தன.

இருப்பது அமெரிக்காவின் டென்வரில். வண்டி 1998 மாடல் சின்ன பிக்கப், 1,78,000 மைல் ஓடியது. பழைய சோபா, தோட்டத்து மண், நண்பர்கள் வீடு மாற்றுவது என்று எதற்காவது ஆகும் என 3,200 டாலர் கொடுத்து வாங்கினேன். (அன்று வீட்டில் நடந்த பேச்சுவார்த்தைக்குத் தனிப் பதிவு வேண்டும்.) எந்தக் கம்பெனி என்று எழுதப் போவதில்லை. இருபத்தைந்து வருடம் உழைத்த ரப்பர் கெட்டுப்போனதற்குச் செய்தவர்களைச் சந்திக்கு இழுப்பது நியாயமாகப் படவில்லை.

இந்த ஊரில் நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி வீம்புக்கு வாங்குவது அல்ல. டென்வரிலிருந்து மேற்கே மலையேறும் ஐ-70 நெடுஞ்சாலையில், மாரிசனுக்கும் டாட்செரோவுக்கும் நடுவே, செப்டம்பர் 1 முதல் மே 31 வரை ஒரு சட்டம் நடப்பில் இருக்கும். நான்கு சக்கர இழுவை இருந்து, டயரில் 3/16 அங்குலம் பட்டனும் (தரையைப் பிடிக்கும் ரப்பர் மேடுகள்) மிச்சமிருந்தால் போகலாம். இல்லாவிட்டால் பனிக்கான டயர் வேண்டும், அல்லது சங்கிலியாவது கையில் வேண்டும். என் வண்டி காகிதத்தில் நான்கு சக்கர வண்டி. பனியில் இரண்டு சக்கர வண்டி.

முதல் இரண்டு வாரம் நான் செய்ததெல்லாம் தப்பு. பிழைப்பு மென்பொருளில் என்பதால் புத்தி நேராகக் கணினிக்குத்தான் போனது. 'எலக்ட்ரானிக் 4 வீல் டிரைவ்' என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது, அப்புறம் வேறு எதைச் சந்தேகப்படுவது? ஃப்யூஸைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. 1996 முதல் அமெரிக்காவில் விற்ற கார்களுக்கெல்லாம் கோளாறு படிக்கும் கருவியைச் செருக ஓபிடி-2 சாக்கெட் கட்டாயம். கையிலிருந்த 25 டாலர் கருவியை அதில் செருகினேன். குறை ஒன்றுமில்லை என்றது. அந்தக் கருவி இஞ்சின் கணினியோடு மட்டும்தான் பேசும். நான்கு சக்கர இழுவைக்கென்று டாஷ்போர்டுக்குள் தனியாக ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. அதை அது கேட்கவே இல்லை. திருட்டுப் போன வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் விசாரித்தாற்போல.

பழைய வண்டிகளைப் பிரித்து விற்கும் யார்டில் 20 டாலருக்கு வேறொரு பொத்தான் பலகையைக் கழற்றி வந்து மாட்டினேன். இதுவும் அதே தாளத்தில் சிமிட்டியது. சரி, மோட்டார்தான் போலிருக்கிறது என்று, இழுவையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்பர் கேஸில் உட்காரும் புது மோட்டாரை 160 டாலருக்கு வாங்கிவிட்டேன். மாட்டுவதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்தது, மாமா கூப்பிட்டார்.

மாமா திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்கு வேலை பார்த்தவர். போர்வெல் போடும் வண்டி வடநாட்டில் எங்கோ காட்டில் நின்றுவிட்டால் பஸ் ஏறிப் போய்ச் சரி பண்ணி வருவார். இப்போது முட்டி வலி, வீட்டோடு இருக்கிறார். போனில் முகத்தைக் காட்டாமல் நெற்றியை மட்டும் காட்டிப் பேசுவார்.

"ஏங் கண்ணு, முன்னாடி ஹப்ப லாக் பண்ணுனியா?"

"இதுல அந்த மாதிரி ஹப்பே இல்லீங்க மாமா. பொத்தான் அமுக்குனாப் போதும்."

"அப்பறம் என்ன எழவுக்கு அது வேலை செய்ய மாட்டேங்குது?"

"கம்ப்யூட்டர்ல கோளாறா இருக்கும்னு நெனைக்கறனுங்க."

"நீ பாத்தியா?"

"இல்லீங்க..."

"முன்னாடி ரெண்டு சக்கரத்தையும் தூக்கி ஸ்டாண்டுல வெச்சுட்டு, கீழ படுத்து ஷாஃப்டைக் கையில சுத்திப் பாரு மாப்ள. சுத்துச்சுன்னா ஒரு பக்கம் போ, சுத்தலீன்னா இன்னொரு பக்கம் போ. பாத்துட்டுக் கூப்புடு."

ஹப் என்று அவர் கேட்டதில் தப்பில்லை. பழைய ஜீப்புகளில் ஓட்டுநர் இறங்கி முன்சக்கரத்தின் நடுவிலிருக்கும் திருகைக் கையால் திருப்பிவிட்டு வர வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்து ராணுவ ஜீப்புகள் பொதுமக்களிடம் வந்தபோது, 1948-ல் ஆர்தர் வார்ன் என்பவர் தொடங்கிய கம்பெனி இந்த ஹப்புகளைச் செய்துதான் பேர் வாங்கியது. சாதாரணச் சாலையில் முன் அச்சு வீணாகச் சுற்றாமல் கழற்றிவிட, சேறு வந்தால் மறுபடி பூட்ட. பனியில் இறங்கிக் குனிய மனமில்லாத என் போன்றவர்களுக்காகத்தான் பின்னாளில் பொத்தான் வந்தது.

என் வண்டியில் பொத்தானுக்குப் பின்னால் நடப்பது இது. '4 ஹை' (நான்கு சக்கர இழுவை) அழுத்தியதும் கட்டுப்பாட்டுப் பெட்டி டிரான்ஸ்பர் கேஸின் மோட்டாரைச் சுழற்றுகிறது. மோட்டாரின் உள்ளே தான் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதைச் சொல்லும் ஒரு தகடு உண்டு. நான்கு கம்பிகளில் 'உண்டு, இல்லை' என்று வரும் சேதியைச் சேர்த்துப் பார்த்துப் பெட்டி புரிந்துகொள்கிறது. மோட்டார் உரிய இடத்துக்கு வந்ததும், அதுவரை பின்னால் மட்டும் போன இழுவை, முன் அச்சுக்குப் போகும் தண்டான முன் ஷாஃப்டுக்கும் போகிறது. எலக்ட்ரானிக்ஸ் அதோடு முடிந்தது.

மிச்சம் பாதிதான் எனக்குத் தெரியாமலிருந்தது. முன் அச்சின் வலப்பக்கத் தண்டு இரண்டு துண்டாக இருக்கிறது. நடுவில் ஒரு வளையம். வளையம் நகர்ந்து இரண்டையும் சேர்த்துப் பிடித்தால்தான் வலது சக்கரம் டிஃபரென்ஷியலோடு, அதாவது இழுவையை இரண்டு சக்கரங்களுக்கும் பங்கிடும் பற்சக்கரக் கூட்டோடு சேரும். இடது சக்கரம் எப்போதுமே சேர்ந்துதான் இருக்கிறது. ஒரு பக்கத்தைக் கழற்றினால் போதுமா என்று எனக்கும் சந்தேகம் வந்தது. போதும். டிஃபரென்ஷியல் எப்போதும் எது லேசாகச் சுற்றுகிறதோ அந்தப் பக்கம்தான் போகும். வலப்பக்கத் தண்டு இரண்டு துண்டாகச் சேராமல் இருக்கும்போது, சாலையில் ஓடும் இடது சக்கரம் உள்ளேயிருக்கும் பற்சக்கரத்தைச் சுற்றும், வலப்பக்கத் துண்டு அதற்கு எதிராகப் பின்னோக்கிச் சுற்றும், நடுவில் பெரிய கிரவுன் பற்சக்கரமும் முன் ஷாஃப்டும் அசையாமல் நிற்கும். இதைப் படம் போட்டுப் புரிந்துகொண்ட அன்று ராத்திரி, இதை யோசித்த ஆளுக்கு ஒரு கும்பிடு போட வேண்டும் என்று தோன்றியது. அதே யோசனைதான் எனக்குக் குழியும் பறித்தது. வளையம் நகராவிட்டால், டிரான்ஸ்பர் கேஸ் எவ்வளவு இழுவை அனுப்பினாலும் அத்தனையும் அந்தச் சேராத துண்டைச் சுற்றிவிட்டுப் போய்விடும்.

மாமா சொன்னபடி பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் இறக்கினேன். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதீர்கள். கியர் பார்க்கில். '2 ஹை'யில் (பின்சக்கர இழுவை மட்டும்) முன் ஷாஃப்ட் கையால் லேசாகச் சுற்றியது. சாவியைப் போட்டு '4 ஹை' அழுத்தினேன். 'ர்ர்ர்' என்று ஒரு முனகல், முடிவில் 'டொக்'. மறுபடி அடியில் போய் ஷாஃப்டைப் பிடித்தேன். கல்லு மாதிரி நின்றது.

ஆக பொத்தான், பெட்டி, மோட்டார், டிரான்ஸ்பர் கேஸ் எல்லாம் சரி. ஐந்து நிமிட வேலை, செலவு பூஜ்யம். மோட்டார் டப்பா அலமாரியிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

இன்னும் ஒன்று பார்த்தேன். இஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டி '4 ஹை' அழுத்தி, பிறகு அணைத்துவிட்டு, வலது முன்சக்கரத்தைக் கையால் சுற்றினேன். ஷாஃப்ட் பூட்டியிருக்கும்போது அச்சும் சேர்ந்திருந்தால் இடது சக்கரம் எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லை. வலது சக்கரம் தான் மட்டும் ஜாலியாகச் சுற்றியது. வளையம் நகரவில்லை.

அந்த வளையத்தை நகர்த்துவது மோட்டார் அல்ல, ஒரு கேபிள். சைக்கிள் பிரேக் கேபிள் போல ஒன்று. அதன் மறு முனை பேட்டரிக்கு அடியில், உள்ளங்கையளவு வட்டமான ஒரு டப்பாவில் போய் முடிகிறது. டப்பாவுக்குள் டயாஃபிரம் என்ற ரப்பர் சவ்வு. இஞ்சினின் வேக்குவம் (வெற்றிட உறிஞ்சல்) டியூப் வழியாக வந்து அந்த ரப்பரை உறிஞ்சினால் கேபிள் இழுபடும். கணினி வைத்த வண்டியில் கடைசி இரண்டு அங்குல வேலையைச் செய்வது காற்று இல்லாத ஒரு டப்பா!

பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்து, ஜம்பர் கேபிளால் இணைப்புக் கொடுத்துக்கொண்டு, அது உட்கார்ந்திருந்த தட்டையும் எடுத்தேன். சாவியைப் போட்டு '4 ஹை' அழுத்திவிட்டு, கட்டிங் பிளேயரால் கேபிளைப் பிடித்து இழுத்தபடி மனைவியை வலது சக்கரத்தை மெல்ல ஆட்டச் சொன்னேன். 'டக்.' உள்ளே சிமிட்டிக்கொண்டிருந்த விளக்கு நின்று எரிந்தது. அச்சில் இருக்கும் ஒரு சின்ன ஸ்விட்ச், வளையம் சேர்ந்ததைப் பெட்டிக்குச் சொன்ன பிறகுதான் சிமிட்டல் நிற்கும். அதுவரை அந்த விளக்கைக் கோளாறு என்று நினைத்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அது பாவம், 'முன்னாடி இன்னும் சேரலை, இன்னும் சேரலை' என்று உள்ளதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

டப்பாவைக் கையில் எடுத்துப் பார்த்தால் மேல்பக்கமெல்லாம் வெள்ளைப் பொருக்கு. பேட்டரியின் ஆசிட் வருடக்கணக்காக ஒழுகி ரப்பரைத் தின்றிருக்கிறது. கையால் அடிக்கும் வேக்குவம் பம்பை மாட்டி அடித்தேன், முள் ஏறவே இல்லை. இப்படிப்பட்ட டப்பாவை ஆசிட் சொட்டும் பேட்டரிக்கு நேர் கீழே வைக்க யாருக்குத் தோன்றியதோ. சற்று முன் போட்ட கும்பிட்டில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

புது டப்பா மாட்டினேன். வாசலில் நிறுத்திப் பார்த்ததில் மூன்று நொடியில் விளக்கு நின்று எரிந்தது. மாமாவைக் கூப்பிட்டு வெற்றி என்று சொல்லியாயிற்று. கதை இங்கே முடிந்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை ஐ-70-ல் மேற்கே போனோம். ஃப்ளாய்ட் ஹில் தாண்டி, ஜார்ஜ்டவுனுக்கு அப்பால் நீண்ட ஏற்றம். சாலையில் பனி படிய ஆரம்பித்ததும் பொத்தானை அழுத்தினேன். சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. வயிற்றைப் பிசைந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன், வண்டி தளர்ந்தது, ஐந்தாறு நொடியில் விளக்கு நின்று எரிந்தது.

அப்போதுதான் மனைவி சொன்னாள்: "பாருங்க, மறுபடியும் காத்து கண்ணாடிக்குப் போயிடுச்சு."

இரண்டு வருடமாக எங்கள் வண்டியில் அது ஒரு வாடிக்கை. கோடையில் ஏசி முகத்துக்கு வீசிக்கொண்டிருக்கும். மலை ஏற ஆரம்பித்ததும் முகத்துக்கு வரும் காற்று நின்று, முன்கண்ணாடிக்குப் போய்விடும். இறக்கத்தில் திரும்பி வரும். ஒரு ஒர்க்‌ஷாப்பில் கேட்டதற்கு ஏசி பலகையையே மாற்ற வேண்டும், நானூறு டாலர் ஆகும் என்றார்கள். ஜன்னலைத் திறந்துகொண்டால் தீர்ந்தது என்று விட்டுவிட்டோம்.

இப்போது இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தது. முகத்துக்கு, காலுக்கு, கண்ணாடிக்கு என்று காற்றைத் திருப்பும் கதவுகளையும் இந்த வண்டியில் வேக்குவம்தான் அசைக்கிறது. வேக்குவம் போய்விட்டால் காற்று தானாகக் கண்ணாடிக்குப் போகும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். எது கெட்டாலும் கண்ணாடியில் ஆவி படிந்து வழி தெரியாமல் போகக்கூடாது என்பதற்காக. ஆக, இரண்டு கோடையாக வண்டி என் முகத்தில் ஊதாமல் காட்டிய சேதி, 'எனக்கு எங்கோ வேக்குவம் ஒழுகுகிறது' என்பது.

வேக்குவம் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் இஞ்சின் சும்மா ஓடும்போது, காற்றை உள்ளே விடும் திராட்டில் என்ற கதவு மூடியிருக்கும். சிலிண்டர்கள் மூடிய வாயால் மூச்சை இழுப்பதால் உள்ளே நல்ல வெற்றிடம் உண்டாகும். கடல் மட்டத்தில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் (வேக்குவத்தை அளக்கும் அலகு) வரை காட்ட வேண்டும் என்பது கணக்கு. என் மீட்டர் 15 காட்டியது. இஞ்சினே போச்சு என்று ஒரு சாயங்காலம் முழுக்கப் பயந்தேன். அப்புறம்தான் உறைத்தது. டென்வர் 5,280 அடி உயரத்தில் இருக்கிறது. கடற்கரையில் 30 அங்குலம் இருக்கும் காற்றழுத்தம் இங்கே 25-க்கும் குறைவு. இல்லாத காற்றை எங்கே போய் உறிஞ்சுவது? ஆயிரம் அடிக்கு ஒரு அங்குலம் கழித்துக்கொண்டால் என் 15 சரியான கணக்குதான். ஏற்றத்தில் காலை அழுத்தி மிதித்தாலோ திராட்டில் திறந்துவிடும், வேக்குவம் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த நேரத்துக்காகத்தான் ஒரு சேமிப்பு உருண்டையும், உறிஞ்சியதைத் திரும்ப விடாத ஒரு வழி வால்வும் வைத்திருக்கிறார்கள். எங்கும் ஒழுகாவிட்டால் அந்தச் சேமிப்பிலேயே கதவுகள் நிற்கும், அச்சும் சேரும். ஒழுகினால் முதல் ஏற்றத்திலேயே உருண்டை காலி.

வீட்டுக்கு வந்து கதையைச் சொன்னதும் மாமா, "டியூப்ப வாயில வெச்சு உறிஞ்சி, நாக்க ஒட்டிப் பாரு. ஒட்டி நின்னா நல்ல டியூப்பு" என்றார். அவர் காலத்து வேக்குவம் மீட்டர் அதுதான். பம்ப் கையில் இருக்கும்போதே எதற்கு அப்படிச் செய்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. டப்பாவுக்கு வரும் டியூப்பை உருவி வாயில் வைத்து ஒரு இழு இழுத்தேன். கசப்பும் கருகலுமாக ஏதோ நாக்கில் பட்டது. துப்பினேன். பனியில் சிவப்பு.

ரத்தம் என்று மனைவி அலறினாள். ரத்தமில்லை, டிரான்ஸ்பர் கேஸில் ஊற்றும் சிவப்பு ஆயில். பேட்டரிக்கு அடியில் இருக்கும் டியூப்புக்கு, வண்டியின் நடு வயிற்றில் இருக்கும் ஆயில் எப்படி வந்தது? அந்தக் கேள்விக்கு ஒரே பதில்தான். டிரான்ஸ்பர் கேஸின் மேலே கட்டைவிரல் அளவில் ஒரு வேக்குவம் ஸ்விட்ச் திருகியிருக்கிறது. மோட்டார் 4 ஹைக்கு நகர்ந்ததும், உள்ளேயிருக்கும் முள் அதைத் தள்ளி, முன் டப்பாவுக்கு வேக்குவத்தைத் திறந்துவிடும். கணினிக்கும் கேபிளுக்கும் நடுவில் நிற்கும் தரகர் இவர்தான். அந்த ஸ்விட்சின் சீல் தேய்ந்து, கேஸின் உள்ளிருக்கும் காற்றையும் ஆயிலையும் டியூப் உறிஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. 2 ஹையில் ஓடும்போதும்தான். அதனால்தான் கோடையில் கூட, பொத்தானைத் தொடாத நாட்களிலும், காற்று கண்ணாடிக்குப் போனது.

ஸ்விட்ச் முப்பது டாலருக்குள். அதைக் கழற்றத்தான் ஒரு பகல் போனது. மேலே பாடி, கீழே கேஸ், நடுவில் ஒரு கை போகும் சந்து, அதுவும் என் இடது கை. டியூப்புகளையும் விட்டுவைக்கவில்லை. பழையவை கெட்டிப் பிளாஸ்டிக், தொட்டாலே வத்தல் மாதிரி நொறுங்கின. மீட்டர் விலைக்கு ரப்பர் டியூப் வாங்கி, இஞ்சினிலிருந்து ஸ்விட்ச் வரை, ஸ்விட்சிலிருந்து டப்பா வரை புதிதாக ஓட்டினேன். பம்பை மாட்டிப் பத்து நிமிஷம் விட்டுவைத்தேன். முள் அசையவில்லை.

இந்தச் சாகசத்தின் நடுவே, வேக்குவத்தையே தலைமுழுகிவிட்டு உள்ளிருந்து கையால் இழுக்கும் கேபிளாக மாற்றிவிடலாம் என்ற ஆசையும் வந்தது. அப்படி ஒரு மாற்றுச் சாமான் கடைகளில் கிடைக்கிறது. பலர் மாட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் மாட்டவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் புரிந்துகொண்ட ஒன்றைக் கழற்றிப் போட மனசு வரவில்லை. அது பிடிவாதம்தான், நியாயம் என்று சொல்ல மாட்டேன்.

சோதித்துப் பார்க்கப் பனி வேண்டும். இந்த வகை வண்டியில் முன் பின் ஷாஃப்டுகள் நடுவில் டிஃபரென்ஷியல் இல்லாமல் இறுகப் பூட்டிக்கொள்ளும். வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓட வேண்டியிருப்பதால், காய்ந்த சாலையில் '4 ஹை' போட்டுத் திருப்பினால் அந்த வித்தியாசம் போக வழியில்லாமல் பற்சக்கரங்களில் முறுகி, வண்டி தத்தித் தத்திப் போகும். பனியில் டயர் சற்று வழுக்கி அந்த முறுக்கைத் தீர்த்துவிடும். டிசம்பரில் ஒரு ராத்திரி, மூடிய கடை ஒன்றின் காலி வாகன நிறுத்தத்தில், ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து மெல்லச் சுற்றினேன். முன்பக்கம் இழுப்பது கைக்குத் தெரிந்தது. அந்த உணர்வைச் சொல்லத் தெரியவில்லை. அதுவரை பின்னாலிருந்து தள்ளிக்கொண்டிருந்த வண்டியை முன்னாலும் யாரோ கயிறு கட்டி இழுப்பது போல.

ஜனவரியில் ஐசன்ஹோவர் சுரங்கம் வரை போனோம். 11,158 அடி. ஏற்றம் முழுக்க மனைவி கையை ஏசி துவாரத்தின் முன் வைத்துக்கொண்டே வந்தாள். காற்று இடம் மாறவில்லை. ஆனால் காலுக்கு வெப்பக் காற்று வருவதில்லை. டியூப் வழியே ஏறிய ஆயில் ஏசி பலகை வரை போய்ச் சேர்ந்திருக்கிறது போலும், 'கால்' என்று திருப்பினால் பாதி கண்ணாடிக்கும் பாதி முகத்துக்கும் வருகிறது. நானூறு டாலர் கேட்ட ஒர்க்‌ஷாப் பாதிதான் தப்பு. தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு ஓட்டுகிறேன்.

மோட்டார் இன்னும் டப்பாவில். மின்சாரச் சாமானை வாங்கிவிட்டால் திருப்பி எடுக்க மாட்டோம் என்று ரசீதிலேயே அச்சடித்திருந்தது, நான் படிக்கவில்லை. மாமாவிடம் அதைச் சொன்னபோது நெற்றியைச் சுருக்கினார்.

"வேஸ்ட்டா வெக்காத மாப்ள. வர்றப்ப கொண்டாந்துரு. ரிக்கு வண்டில எங்கியாச்சும் மாட்டிக்கலாம்."